மேற்கே சாய்ந்தபடி நின்றது

நன்றி சொல்லும் விஷயத்தில் ரென்ஸ்கேவுக்குக் கஞ்சத்தனம் கிடையாது. சைக்கிளில் எதிரே வருகிறவர் கொஞ்சம் ஒதுங்கினால் நன்றி. பேக்கரியில் ரொட்டி சூடாகக் கிடைத்தால் நன்றி. அவள் வீடு போய்ச் சேரும்வரை மழை பொறுத்திருந்தால் அண்ணாந்து பார்த்து வானத்துக்கும் ஒரு நன்றி. "இவ தும்மினாக்கூடக் கைக்குட்டைக்கு நன்றி சொல்லிட்டுத்தான் மடிச்சு வெப்பா" என்பாள் பௌக்யே. கப்பல் உணவகத்தில் அவளோடு இருபது வருடம் தட்டுக் கழுவியவள். அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு.

அப்படிப்பட்ட ரென்ஸ்கேவின் தொண்டையில் ஒரே ஒரு நன்றி மட்டும் பத்தொன்பது வருடங்களாகச் சிக்கிக் கிடந்தது. அதை யாருக்குச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்கக் கூடாது.

ஹார்லிங்கன் துறைமுகத்திலிருந்து ஃப்ளீலண்ட் தீவுக்குப் போகும் கப்பலில் அவளுக்கு வேலை. இருபத்தாறு வயதில் சேர்ந்தாள். காலையில் காப்பி, மதியம் பட்டாணி சூப். கரண்டியை நட்டு வைத்தால் நிற்க வேண்டும், சாய்ந்தால் அது சூப் இல்லை, வெந்நீர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ரென்ஸ்கேவின் கரண்டி புயலிலும் நின்றது. உப்புதான் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதையும் யாராவது சொன்னால், "நல்லவேளை சொன்னீங்க, ரொம்ப நன்றி" என்று மறுநாளும் அதே அளவு உப்பைப் போடுவாள்.

அவள் சேர்ந்தது 1978-இல். அந்த டிசம்பரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. டிசம்பர் ஐந்து, சின்டர்கிளாஸ் நாள். ஸ்பெயினிலிருந்து வந்து, குதிரையேறி வீடு வீடாகப் பரிசு தந்துவிட்டு, திரும்ப ஸ்பெயினுக்கே போய்விடுகிற தாடிக் கிழவர் அவர். மாலையில் எல்லோருக்கும் வீட்டில் கொண்டாட்டம் என்பதால் கப்பல்காரர்கள் மதியமே, இரண்டு பயணங்களுக்கு நடுவில், கரையில் கட்டியிருக்கும்போது கொண்டாடிவிடுவார்கள். நவம்பரிலேயே ஒரு தொப்பியில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவது வழக்கம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு பரிசு. பரிசு பெரிதில்லை, அதை மறைக்கிற பொம்மைதான் பெரிது. அட்டை, கம்பி, செய்தித்தாள், மைதாப் பசை என்று எதை வைத்தாவது சொந்தக் கையால் செய்ய வேண்டும். கூடவே ஒரு பாட்டும் எழுத வேண்டும். பெறுகிறவரை நன்றாகக் கேலி செய்து, அடிக்கு அடி இயைபு வைத்து எழுதிய பாட்டு. பெற்றவர் அதை எழுந்து நின்று உரக்கப் படித்துவிட்டு, பொம்மையைக் கிழித்துப் பரிசை எடுத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து "நன்றி, சின்டர்கிளாஸ்!" என்று கத்த வேண்டும். தந்தவர் யார் என்று கேட்பது கிடையாது. தந்தவரும் செத்தாலும் சொல்ல மாட்டார். எல்லாம் சின்டர்கிளாஸ் தந்தது. கிழிந்த காகிதம் அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும்.

ரென்ஸ்கேவுக்கு எஞ்சின்காரர் வீப்ரனின் பெயர் வந்தது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மூன்று வார்த்தைக்கு மேல் பேசினால் எஞ்சின் நின்றுவிடும் என்பதுபோல் இருப்பார். அவருக்காகத் தீவின் சிவப்புக் கலங்கரை விளக்கத்தை மூன்று நாள் உட்கார்ந்து செய்தாள். வயிற்றுக்குள் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. தூக்கி வரும்போதே பசை காயாமல் அது ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. மேசையில் வைத்ததும் சாப்பாட்டு அறை முழுக்கச் சிரிப்பு.

"இதைப் பாத்துக் கப்பல் ஓட்டினா நேரா இங்கிலாந்துதான்!" என்றார் கேப்டன் டியாலிங்.

"காரட்டுக்குத் தொப்பி போட்டிருக்காங்கப்பா" என்றாள் பௌக்யே. அது யார் செய்தது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

ரென்ஸ்கேவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் செய்தது யார் என்று தெரிந்துவிடுமே. வீப்ரன் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டைக் கடகடவென்று படித்தார், கூரைக்கு நன்றி சொன்னார், "அப்புறம் பிரிக்கிறேன்" என்று கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளித்தட்டுக்குப் போனார். இரண்டு நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

கடலில் போட்டுவிட்டார். ரென்ஸ்கே அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் காலுறை அவர் காலில் இருந்தது, கோபுரத்தைக் காணவில்லை. தட்டுக் கழுவும் தொட்டியில் குனிந்து அவள் கொஞ்ச நேரம் அழுதாள். இனிமேல் கையால் ஒன்றையும் செய்வதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். அடுத்த வருடத்திலிருந்து யார் பெயர் வந்தாலும் கடையில் விற்கிற, பெயரின் முதலெழுத்து வடிவத்தில் வார்த்த ஒரு சாக்லேட், கடையில் அச்சடித்து விற்கிற ஒரு பாட்டு. அவ்வளவுதான்.

ஆனால் அந்த அடுத்த வருடம் அவளுக்கு வந்த பொட்டலம்தான் விசேஷம். தார்பூசிய கயிற்றால் பின்னிய ஒரு சூப்பு அண்டா. அதனுள்ளே கையால் தேய்த்து மெருகேற்றிய ஒரு மர உப்புக்கரண்டி, மிக மிகச் சின்னது. பாட்டு டைப்ரைட்டரில் அடித்திருந்தது.

"உன் சூப்பைக் குடித்த கடல்நாரை
உப்பென்று தேடுது நல்ல நீரை.
பட்டாணி எங்கேயெனத் தேடிப் பார்த்தேன்,
பன்றியின் வாலைத்தான் கண்டு சேர்த்தேன்."

இப்படியே பன்னிரண்டு அடி. எல்லாம் இயைபோடு கச்சிதம். அதற்குக் கீழே எதோடும் ஒட்டாமல் தனியாக ஒரு வரி:

"அது மேற்கே சாய்ந்தபடி நிற்கிறது."

ரென்ஸ்கே அதையும் உரக்கப் படித்தாள். எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள், ஆனால் எதற்குச் சிரிப்பதென்று தெரியவில்லை. "எது?" என்றாள் பௌக்யே. யாருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்ததாகக் காட்டவில்லை.

அடுத்த டிசம்பரிலும் வந்தது. வேறு பொம்மை, வேறு பாட்டு, கடைசியில் அதே வரி. அதற்கடுத்த வருடமும் அப்படியே.

"லேவார்டன் கோபுரமா இருக்கும்டி. இந்த மாகாணத்துல பேர் போன சாய்வு அது ஒண்ணுதானே" என்றாள் பௌக்யே. ஒரு விடுமுறை நாளில் ரென்ஸ்கே ரயிலேறிப் போய், இரவல் வாங்கிய திசைகாட்டியோடு அதன் கீழே நின்று பார்த்தாள். கறாராகப் பார்த்தால் மேற்கு இல்லை. தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையைப் பார்த்தாள். கொடிக்கம்பங்களைப் பார்த்தாள். எங்கள் கடற்கரையில் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். மரமும் வேலியும் குடித்துவிட்டுப் போகிறவனும் கிழக்கேதான் சாய்வார்கள். மேற்கே சாய்ந்த ஒன்றை ஊர் முழுக்கத் தேடியும் அவள் காணவில்லை.

1981 வசந்தத்தில் அவள் கணவன் ஹார்மன், க்ரோனிங்கனில் ஒருத்தியோடு வாழப் போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் சொன்னான். உருளைக்கிழங்கைத் தின்று முடித்துவிட்டுத்தான் சொன்னான். பெட்டியை அவளே கட்டிக் கொடுத்தாள். அந்த வருடத்தை எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கப்பலுக்குப் போவாள், சூப் ஊற்றுவாள், நன்றி சொல்வாள், வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள்.

அந்த நவம்பரில் ஒரு நாள் காலை. மேற்குக் காற்று முகத்தில் அறைய, சைக்கிளை மிதித்துத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கைப்பிடிமேல் கவிழ்ந்து, உடம்பு முழுவதையும் காற்றுக்கு எதிரே கொடுத்து மிதித்தாள். அப்போது அந்த வரி தானாக வாயில் வந்தது. மேற்கே சாய்வதென்றால் காற்றை எதிர்த்துச் சாய்வது. அப்படிச் சாய்ந்தும் விழாமல் நிற்பது. யாரோ தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த வரி வந்தது அவள் வாழ்க்கை கவிழ்வதற்கு இரண்டு வருடம் முன்னால், அப்போது யாருக்கு என்ன தெரியும் என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. அன்று அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது, பிடித்துக்கொண்டாள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினாள். சூப்பு ஆவியில் அது மஞ்சளாகி எழுத்து மங்கும்போதெல்லாம் புதிதாக எழுதி ஒட்டினாள். ஏழு தடவை ஒட்டியிருப்பாள்.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிமிர்ந்தாள். இதில் மிகை ஒன்றும் இல்லை. யாரோ ஒரு மனிதர் தன்னை நிமிர்த்தினார் என்று தெரிந்தும் ஒரு நன்றி சொல்ல முடியாமல் இருப்பது ரென்ஸ்கேவைப் போன்றவளுக்குப் பல்வலி மாதிரி. பாட்டுகள் கேப்டன் அறையிலிருந்த பழைய டைப்ரைட்டரில் அடித்தவை என்பது மட்டும் தெரியும். ரகர எழுத்து எப்போதும் ஒரு மயிரிழை மேலே ஏறி நிற்கும். ஆக, கேப்டன் டியாலிங்தான் என்று அவள் மனத்தில் ஓர் ஊகம் இருந்தது.

1998 டிசம்பரில் அந்த வரி வரவில்லை.

பொம்மை வந்தது, பாட்டும் வந்தது. கடைசி அடிக்குக் கீழே வெறும் காகிதம். ரென்ஸ்கே திருப்பிப் பார்த்தாள், உறையைக் கிழித்து உள்ளே பார்த்தாள். இல்லை. அந்த வருடம் கப்பலை விட்டுப் போனவர்கள் இரண்டு பேர். கேப்டன் டியாலிங் மார்ச்சில் ஓய்வு பெற்றார். வீப்ரன் செப்டம்பரில் நுரையீரல் சரியில்லாமல் நின்றுவிட்டார். பிப்ரவரியில் தெற்கே மாஸ்ட்ரிக்டில் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறார் என்று பேச்சு.

அந்த வாரமே ஒரு சர்க்கரை ரொட்டியோடு கேப்டன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கேப்டன், உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும். பத்தொன்பது வருஷமா பாக்கி."

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சிவந்தது. "நானா? நான் பாட்டு எழுதினா என் பொண்டாட்டியே பாதியில தூங்கிடுவா. டைப்ரைட்டர் என்னுது. விரல் என்னுது இல்ல."

"அப்ப யாருது?"

"சின்டர்கிளாஸைக் கேளு." ரொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்னை எதுக்கும்மா வம்புல மாட்டி விடுற? எண்பத்தஞ்சுல உன் சீட்டு எனக்கு வந்துச்சு. மாத்திக்கிட்டேன். அதுக்கு ஒரு புகை போட்ட ஈல் மீன் கிடைச்சுது, தின்னேன். என் பங்கு அவ்வளவுதான். இந்தக் கப்பல்ல உன் சீட்டுக்கு ஈல் திங்காதவன் எவன் இருக்கான்?"

ரென்ஸ்கே நேராகப் பௌக்யேயிடம் போனாள்.

"நீ தின்னியா?"

"என்னத்தை?" என்று ஆரம்பித்த பௌக்யே அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ரெண்டு தடவை. எழுபத்தொம்பதுல ஒண்ணு, தொண்ணூறுல ஒண்ணு. ரொம்ப நல்ல ஈல்டி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சின்டர்கிளாஸ் விஷயத்தை எப்படிடி சொல்லுவாங்க? நீ சொல்லுவியா?"

சொல்ல மாட்டாள்தான். ஈல் மீனை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் பழைய எண்ணெய்ப் பீப்பாயில் தொங்கவிட்டுப் புகை போடுகிறவர் அந்தக் கப்பலில் ஒருவர்தான். அது யார் என்று எவரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் செய்த கோபுரத்தைக் கடலில் போட்டவரல்லவா அவர்? அவர் எதற்கு இதைச் செய்ய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மிட்லத்துக்குச் சைக்கிளில் போனாள். கிழக்கே இருக்கிற ஊர், காற்று முதுகில் தள்ளியது. வீப்ரன் வீடு தெற்கு பார்த்தது. எங்கள் வீடுகளில் திரைச்சீலையை யாரும் இழுத்து மூடுவதில்லை. ஜன்னல் விளிம்பில் எது இருந்தாலும் தெருவுக்குத் தெரியும். வேலிக் கதவைத் திறக்கக் கையை வைத்தவள் அப்படியே நின்றாள்.

இரண்டு ஜெரேனியத் தொட்டிகளுக்கு நடுவே சிவப்புக் கலங்கரை விளக்கம். சிவப்பு வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. தொப்பி அதே காரட்டுத் தொப்பி. இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவளுக்கு இடது, மேற்கு.

எவ்வளவு நேரம் நின்றாளோ. கதவு திறந்தது.

"என்ன, கப்பல் முழுகிடுச்சா? சூப் வீட்டு வாசலுக்கே வந்திருக்கு" என்றார் வீப்ரன். இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது.

"வந்தவளை வாசல்லயே நிக்க வெப்பீங்களா?"

"வா பொண்ணே. காத்து உள்ள வருது."

அறையில் பாதி சாமான் பெட்டிகளில் போயிருந்தது. காப்பி ஊற்றினார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். ஒன்று எடுத்ததும் மூடிவிடுவதுதான் ஊர் வழக்கம், அவர் மூடாமல் மேசையில் வைத்தார். ரென்ஸ்கே ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்தினாள். காலுறையை எடுக்கக் கோபுரத்தின் முதுகில் கத்தியால் நேராக வெட்டி, திரும்ப ஒட்டியிருந்தது. கோபுரத்தின் அடியைச் சுற்றி விளிம்பில் பென்சிலால் ஒரு வட்டமும், சாய்ந்த பக்கத்தில் ஒரு சின்னக் கோடும் போட்டிருந்தது. தூசு துடைக்க எடுத்தால் மறுபடி அதே திசையில் வைப்பதற்கு. காற்று வரும் திசையைப் பார்த்து யோசித்து வைத்திருக்கிறார்.

"வீப்ரன், இது..."

"அதுவா? சின்டர்கிளாஸ் குடுத்தது. எழுபத்தெட்டுல."

"அதை நான்தான்..."

"சின்டர்கிளாஸ் குடுத்தது" என்றார் அவர், இன்னும் கொஞ்சம் உரக்க.

"சரி. அன்னிக்கு இதைத் தூக்கிட்டு வெளிய போனீங்க. வெறுங்கையோட வந்தீங்க. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"காப்பி ஆறுது பொண்ணே."

பிஸ்கட் டப்பாவை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். ரென்ஸ்கே காப்பியைக் குடித்தாள். நன்றி என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அந்த மனிதர் இருபது வருடமாகக் காத்த ஒன்றை உடைத்த மாதிரி ஆகும். அவள் செய்ததை அவள் செய்ததாகக்கூட ஒப்புக்கொள்ளாமல் அத்தனை ஒழுங்காக அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார். சொல்லாமல் விட்டால் பிப்ரவரியில் வண்டி வந்துவிடும், பிறகு எந்தக் காலத்தில் சொல்வது? திரும்பும்போது காற்று எதிரே அடித்தது. சைக்கிளில் மேற்கே சாய்ந்து, அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி அவள் வீட்டுக் கழிவறையில் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில் கப்பல்காரர்கள் அத்தனை பேர் நாளும் இருந்தது. வீப்ரன், ஜனவரி பதினாறு. அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

புத்தாண்டு முடிந்ததும் செய்தித்தாளும் கம்பியும் மைதாவுமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். கையில் கரண்டியோடு ஒரு பெண். இருபது வருடம் சும்மா இருந்த கை கேட்குமா? பதினைந்தாம் தேதி தலை கழன்று விழுந்தது. திரும்ப ஒட்டினாள்.

"இது என்னடி, கோழியா?" என்றாள் பௌக்யே.

"நான்தான்."

பௌக்யே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "மூக்கு உன்னுதுதான். ஒத்துக்கறேன்."

பதினாறாம் தேதி வீப்ரன் வீட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் அவருக்கு வாழ்த்துச் சொல்லி, மகளுக்கு வாழ்த்துச் சொல்லி, பிறகு ஒருவர் விடாமல் ஒருவருக்கொருவர் கைகுலுக்கி வாழ்த்திக்கொண்டு கேக்கோடு உட்கார்ந்தார்கள். கழிவறைக்குப் போவதாக எழுந்துபோன பௌக்யே வெகுநேரம் வரவில்லை. திடீரென்று வாசல் கதவு இடிபட்டது. மகள் போய்த் திறந்தாள். ஆள் இல்லை. படியில் ஒரு கோணிச் சாக்கு.

"ஜனவரியிலயா!" என்றார் கேப்டன். "கிழவர் ஸ்பெயினுக்குப் போற வழியை மறந்துட்டாரா?"

வீப்ரன் சாக்கை அவிழ்த்தார். பொம்மையை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அது மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ரென்ஸ்கே தன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீப்ரன் காகிதத்தைப் பிரித்தார். எழுந்து நின்று படிக்க வேண்டும், அதுதான் முறை. மகள் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்தார்.

"குதிரையின் லாடம் கழன்றதாலே
கிழவன் வந்தேன் ஒருமாதம் மேலே.
பத்தொன்பது ஈலைப் புகையில் இட்டாய்,
பலபேர் வாயைப் பூட்டி விட்டாய்.
காற்றில் ஒருத்தி தள்ளாடும் போது
கைகொடுக்க நீ தவறியது ஏது?"

ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தி மூச்சு வாங்கிப் படித்தார். ஈல் வந்தபோது கேப்டன் இருமினார். கடைசியில் எதோடும் ஒட்டாமல் தனியாக ஒரு வரி இருந்தது. வீப்ரன் அதை முதலில் மனத்துக்குள் படித்தார் போலிருக்கிறது, உதடு மட்டும் அசைந்தது. பிறகு உரக்கப் படித்தார்.

"அவளும் மேற்கே சாய்ந்தபடி நிற்கிறாள்."

பௌக்யே கதவோரம் நின்று மூக்கைச் சிந்தினாள்.

"சரி, கிழிங்க வீப்ரன்" என்றார் கேப்டன். "உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்."

"யாரும் தொடாதீங்க!" வீப்ரன் இரண்டு கையாலும் பொம்மையை மறைத்துக்கொண்டார். "கழுத்து இன்னும் ஈரமா இருக்கு. இதைக் கிழிக்கக் கூடாது, சூட்டுல வெக்கணும். எஞ்சின் ரூம்ல கொதிகலன் பக்கத்துல ரெண்டு நாள் வெச்சா கல்லு மாதிரி இறுகிடும். போன தடவையும் அப்படித்தான் நான் ஓடிப்போய்..."

நிறுத்திக்கொண்டார். காது நுனிவரை சிவந்துபோயிற்று. பொம்மையை ஏந்திக்கொண்டு அடிமேல் அடி வைத்து ஹீட்டர்வரை நடந்து, பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்து, கொஞ்சம் திருப்பி, ஜன்னலைப் பார்த்துத் திசையைச் சரிபார்த்து, இன்னும் கொஞ்சம் திருப்பினார். பிறகு நிமிர்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கூரையைப் பார்த்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"நன்றி, சின்டர்கிளாஸ்!"

ரென்ஸ்கே எழுந்து நின்றாள். கேக்குத் தட்டு மடியிலிருந்து கீழே விழுந்தது. அவளும் கூரையைப் பார்த்தாள்.

"நன்றி, சின்டர்கிளாஸ்!" என்று கத்தினாள். குரல் பாதியில் உடைந்ததால் இன்னொரு தடவை கத்தினாள். "ரொம்ப ரொம்ப நன்றி!"

அவளுக்கு அன்று பரிசு எதுவும் வந்திருக்கவில்லை. உனக்கு எதற்கு என்று அந்த வட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.